ரகசிய யானையும் அம்மாவின் அரிசிம்பருப்பும்

நான் நான்காம் வகுப்பு படித்த வருடம், எங்கள் வீட்டில் யானை என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்லக் கூடாது. சொல்லியே தீர வேண்டும் என்றால் ‘அது’ என்று சொல்லிக்கொள்ளலாம். “அது காய்ஞ்சுதா?” என்று அப்பா கேட்பார். “காய்ஞ்சுதுங்கண்ணா, வால்லதான் கொஞ்சம் கலர் பத்தலை” என்று சித்தப்பா பதில் சொல்வார். வீட்டுக்கு வரும் உறவுக்காரர்கள் எங்களுக்கு ஏதோ வியாதி வந்துவிட்டது என்று நினைத்து, டீயைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பிவிடுவார்கள்.

விஷயம் இதுதான். திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை உண்டு. அதில் அப்பா பனியன் துணியில் படம் அச்சடிக்கும் வேலை செய்துவந்தார். நீளமான மேசைகள், மேசை மேல் வரிசையாக ஒட்டிய துணித் துண்டுகள், ஒவ்வொரு நிறத்துக்கும் வலைத்துணி கட்டிய ஒரு சட்டம். சட்டத்தை வைத்து ரப்பர் கட்டையால் மையை இழுத்தால் கீழே துணியில் படம் வரும். எங்களைச் சுற்றி எல்லாம் பாத்திரப் பட்டறைகள். காலையில் ஆரம்பித்தால் டங் டங் என்று தட்டிக்கொண்டே இருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அந்தச் சத்தம் நின்றால்தான் பயமாக இருக்கும்.

அதுவரை அப்பா சின்னச் சின்ன உள்ளூர்க் கம்பெனிகளுக்குப் பூவும் கோடும்தான் அடித்துக்கொண்டிருந்தார். அந்த வருடம்தான் முதன்முதலாக ஒரு பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனி அவருக்கு வேலை கொடுத்தது. வெளிநாட்டுக் குழந்தைகள் போடும் டீ-சர்ட். அதன் மேல் ஒரு யானை சிவப்பு சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகும். தலையில் தொப்பி. காது இரண்டும் காற்றில் பின்னால் பறக்கும். ஆறு கலர்.

கம்பெனியிலிருந்து மெர்ச்சண்டைசர் ஒருவர் நேரிலேயே வந்தார். மெர்ச்சண்டைசர் என்றால், பையர் என்று சொல்லும் வெளிநாட்டுக் கடைக்காரருக்கும் நம்மூர்க்காரருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் உத்தியோகம். அவர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாருங்க, இந்த டிசைன் அவங்க கடைக்குப் போற வரைக்கும் வெளிய ஒருத்தர் கண்ணுல படக் கூடாதுங்க. பையர் ரொம்ப ஸ்ட்ரிக்ட். லீக் ஆச்சுன்னா ஆர்டர் கேன்சல். அப்புறம் எங்க கம்பெனி கேட்டுக்குள்ள நீங்க வரவே முடியாதுங்க. நல்லபடியா முடிச்சுக் குடுத்தீங்கன்னா வருசம் முச்சூடும் வேலை.”

வருடம் முழுக்க வேலை என்ற சொல்லை அப்பா அதற்கு முன் மற்றவர்களைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார். அவர் நிமிர்ந்து நின்று, “ஒரு ஈ பார்க்காதுங்க” என்றார்.

அப்புறம் எங்கள் வீடு ராணுவ முகாம் ஆயிற்று. கொட்டகை ஜன்னலுக்கெல்லாம் சாக்கு அடித்தார். பாத்திரக் கடைக்காரர்கள் குடோனுக்குப் போடும் பெரிய பித்தளைப் பூட்டு ஒன்றை வாங்கிக் கதவில் மாட்டினார். சரியாக அச்சு விழாத துண்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டி, தும்பிக்கை ஒரு சாக்கிலும் கால்கள் வேறு சாக்கிலுமாகப் போட்டு வைத்தார். வேலைக்கு வரும் அண்ணன்மார் சாயங்காலம் கிளம்பும்போது டிபன் பாக்ஸைத் திறந்து காட்ட வேண்டும். அவர்களில் ஒரு அண்ணன் குறும்புக்காரர். “ஏனுங்க முதலாளி, இந்த டப்பாவுக்குள்ள யானை புடிக்குமுங்களா?” என்று கேட்டுவிட்டார். அப்பா உடனே தெருவை எட்டிப் பார்த்தார், யார் காதிலாவது விழுந்துவிட்டதோ என்று.

எனக்கும் கட்டுப்பாடு வந்தது. பள்ளியில் ஏதாவது ஒரு விலங்கை வரைந்து வரச் சொல்லியிருந்தார்கள்.

“மாடு வரை, கண்ணு” என்றார் அப்பா.

“எல்லாரும் மாடுதானுங்கப்பா வரைவாங்க. பூனை வரையட்டுங்களா?”

அப்பா வெகுநேரம் யோசித்தார். “பூனை வரையலாம். ஆனா சைக்கிள் வேண்டாம்.”

இவ்வளவு காவலும் பின்பக்கம். முன் அறையில் இருந்த கம்ப்யூட்டரைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. யானைப் படம் ஒரு சிடியில் வந்திருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஆறு கலரையும் தனித்தனியாகப் பிரித்து, டவுனில் ஃபிலிம் போடும் இடத்தில் கொடுத்துச் சட்டத்துக்கு ஃபிலிம் வாங்கி வருவது சித்தப்பாவின் வேலை. அவர் அப்பாவின் தம்பி. எங்கள் குடும்பத்திலேயே கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள். தெரிந்தது எவ்வளவு என்று சொல்லக்கூடிய இன்னொரு ஆள் குடும்பத்தில் இல்லாததால், முழுக்கத் தெரியும் என்றே எல்லோரும் நம்பினோம். அவரும் நம்பினார்.

பிள்ளைகளே, இன்றைக்கு உங்களுக்குப் பாட்டு வேண்டுமென்றால் போனைத் தட்டினால் பாடுகிறது. அப்போது அப்படி இல்லை. பாட்டு வேண்டுமென்றால் சிடி வாங்க வேண்டும். வீட்டுக்குப் புதிதாக இன்டர்நெட் வந்ததும், சித்தப்பா அவருடைய சிநேகிதர் ஒருவரிடமிருந்து ஒரு சாஃப்ட்வேரைக் கொண்டுவந்து போட்டார். அதில் எந்தப் பாட்டின் பெயரை அடித்தாலும் பாட்டு இறங்கியது. புதுப் படத்தின் பாட்டுகள்கூட. அப்பாவுக்குப் பழைய பாட்டுகள் ஒரு கூடை இறங்கின. அவற்றைச் சிடியில் ஏற்றிக் கொட்டகையில் போட்டுக் கேட்டுக்கொண்டே வேலை நடக்கும்.

கம்ப்யூட்டருக்குக் காவல் இருக்கும் ஆன்டிவைரஸ் என்ற ஒன்று இருந்தது. அது இந்தச் சாஃப்ட்வேரைக் கண்டதிலிருந்து சிவப்புக் கட்டம் காட்டிக் கத்திக்கொண்டே இருந்தது. “இது ஒரு பக்கம் தொணதொணன்னுட்டு” என்று சித்தப்பா அதை நிறுத்திவிட்டார். நாய் குரைக்கிறது என்று நாயைக் கட்டிப்போட்ட மாதிரி.

ஒரு நாள் அம்மா கேட்டாள். “ஏந் தம்பி, இத்தனை பாட்டு வருதே, எந்தக் கடையில இருந்து வருது?”

“கடையெல்லாம் இல்லீங்க, நங்கை.” எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவோம். “பாட்டு எங்கியோ ஒருத்தர் ஊட்டுக் கம்ப்யூட்டர்ல இருக்குமுங்க. நம்ம கம்ப்யூட்டர் நேரா அந்த ஊட்டுக்கே போயி எடுத்துட்டு வந்துரும். அவங்களும் நம்ம ஊட்டுக்கு வந்து எடுத்துக்குவாங்க. அதுக்குன்னு ஒரு ஃபோல்டரை மட்டும் தொறந்து வெச்சிருக்கோணும். அவ்வளவுதானுங்க.”

“பாட்டுப் பாடுனவங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் குடுக்கறாங்களா?”

“அதெல்லாம் யாரு கேக்கறாங்க, நங்கை. உலகமே இப்படித்தான் ஓடுது.”

அம்மா அந்தக் கேள்வியை அப்படியே விட்டிருக்கக் கூடாது. விட்டுவிட்டாள். காரணம், அவளுடைய மனம் அடுத்த கேள்விக்குப் போய்விட்டது. “சரி, நம்ம ஃபோல்டர்ல இருந்து அவங்க என்ன எடுத்துட்டுப் போறாங்க?”

“நம்மகிட்ட என்னங்க இருக்குது? ஒண்ணுமில்லை.”

அம்மாவின் முகம் போன போக்கை இப்போதும் சொல்ல முடியும். எங்கள் வீதியில் ஒரு வழக்கம் உண்டு. பக்கத்து வீட்டிலிருந்து கிண்ணத்தில் குழம்பு வந்தால், கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒன்றும் இல்லையென்றால் ஒரு கைப்பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவோம். முகம் தெரியாத எத்தனையோ வீடுகளிலிருந்து இத்தனை கிண்ணம் வந்திருக்கிறது, ஒன்றுகூடத் திரும்பிப் போகவில்லை என்பதை அம்மாவால் தாங்க முடியவில்லை.

“அசிங்கமா இல்லையா, தம்பி? அவங்க நம்மளைப் பத்தி என்ன நெனப்பாங்க?”

“அவங்களுக்கு நம்மளை யாருன்னே தெரியாதுங்க.”

“தெரியாதவங்களுக்குத்தான் கண்டிப்பாக் குடுக்கோணும்.”

என்ன கொடுப்பது என்று இரண்டு நாள் யோசனை நடந்தது. பாட்டுக்குப் பாட்டு என்றால் எங்கள் வீட்டில் பாடக்கூடியவர் யாரும் இல்லை. கடைசியில் அம்மா, தனக்குத் தெரிந்ததையே கொடுப்பது என்று முடிவு செய்தாள். அரிசியையும் பருப்பையும் ஒன்றாக வேக வைக்கும் அரிசிம்பருப்பு சாதம். கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கத்து வீடுகளில் அவசரத்துக்கும் விசேஷத்துக்கும் அதுதான். சித்தப்பா கம்ப்யூட்டரில் மைக்கைச் செருக, அம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். படம் பிடிக்கவில்லை, குரல் மட்டும்தான் என்று சொன்னோம். “இருக்கட்டும்” என்றாள்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க” என்று ஆரம்பித்து, அரிசியைக் கழுவுவதிலிருந்து நெய் ஊற்றுவது வரை ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். “சின்ன வெங்காயத்தை நறுக்கக் கூடாதுங்க, கல்லுல வெச்சு ஒரு தட்டுத் தட்டிப் போடுங்க, அப்பத்தான் மணம் வரும்” என்ற இடத்தில், சரியாக வெளியே பாத்திரப் பட்டறையில் டங் என்று ஒரு அடி விழுந்தது. அதுவும் சேர்ந்து பதிவாயிற்று.

சித்தப்பா அதற்கு ‘அரிசிம்பருப்பு’ என்று பெயர் வைத்து, திறந்த ஃபோல்டரில் போட்டார். ஒருவரும் எடுக்கவில்லை.

அம்மா காலையில் கோலம் போட்டதும் வந்து கேட்பாள்: “யாராச்சும் வந்தாங்களா?” மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டு ஈரக் கையோடு வந்து கேட்பாள். நாளாக ஆக, சமைத்து வைத்த விருந்துக்கு யாரும் வராத வீட்டைப் போல எங்கள் வீடு இருந்தது. சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை. நங்கை முகம் வாடுவதை அவரால் பார்க்க முடியாது.

ஆகவே அவர் இரண்டு காரியம் செய்தார். முதலாவது, அரிசிம்பருப்பு என்ற பெயரை அழித்துவிட்டு, அந்த மாதம் வந்திருந்த ஒரு புதுப் படத்தின் பாட்டுப் பெயரை அதற்கு வைத்தார். இரண்டாவது, ஒரு ஃபோல்டரை மட்டும் திறந்து வைத்திருந்ததை மாற்றி, எல்லாவற்றையும் திறந்துவிட்டார். “நெறையாத் தொறந்து வெச்சாத்தான் நெறையாப் பேர் வருவாங்க, நமக்கும் வேகமா எறங்கும்” என்று அவருடைய சிநேகிதர் சொல்லியிருந்தாராம்.

மறுநாளே கூட்டம் வந்தது. திரையின் அடியில், நம் வீட்டிலிருந்து யார் யார் எடுக்கிறார்கள் என்ற பெயர்கள் ஓடும். எல்லாம் ஆங்கில எழுத்து. நான் ஆங்கில மீடியம் என்பதால் வாசித்துச் சொல்வது என் வேலை.

“‘கோவை கிங்’னு ஒருத்தருங்கம்மா.”

“ராசாவா இருந்தாலும் பசிக்கத்தானே செய்யும். அடுத்தது?”

“இது வெறும் நம்பருங்கம்மா.”

“பாவம், பேர் வெக்கக்கூட ஆளில்லாத புள்ளையாட்ட இருக்குது. நல்லாச் சாப்புடட்டும்.”

ஒருவர் செய்தியே அனுப்பிவிட்டார். ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ். நான் எழுத்துக் கூட்டினேன். ‘யோவ், பாட்டு எடுத்தா பருப்பு வேகுது, அறிவிருக்கா’ என்று இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா என் காலை மிதித்துவிட்டார். “பருப்பு நல்லா வெந்துச்சுன்னு எழுதியிருக்காங்க, நங்கை” என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதே சமயத்தில், பாட்டுகளோடும் பருப்போடும் சேர்ந்து, ‘எலிஃபண்ட் ஃபைனல்’ என்ற ஃபோல்டரும் திறந்துதான் கிடந்தது. பின்னால் பித்தளைப் பூட்டுப் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

சில வாரங்கள் கழித்து என் வகுப்பில் ஒரு பையனுக்குப் பிறந்த நாள் வந்தது. அன்றைக்கு மட்டும் யூனிபார்ம் போடாமல் கலர் டிரஸ் போட்டு வரலாம். அவன் சாக்லேட் டப்பாவோடு உள்ளே வந்தான். அவன் நெஞ்சில், தொப்பி போட்டுக்கொண்டு, காது பறக்க, யானை சைக்கிள் ஓட்டிக்கொண்டு வந்தது.

எங்கள் வீட்டு மேசையை விட்டு இன்னும் கிளம்பாத யானை. டீச்சர், “அட, யானை அழகா இருக்குதே!” என்று எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னார். நான் கதவைப் பார்த்தேன், அப்பா வந்துவிடுவாரோ என்று. சாக்லேட்டைக்கூட வாங்க மறந்துவிட்டேன். மணி அடித்ததும் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு வந்து, “நான் வரையலீங்கப்பா! பூனைதான் வரைஞ்சேன்! சைக்கிள்கூடப் போடலீங்கப்பா!” என்று அழுதேன்.

முழுசாகச் சொன்ன பிறகு அப்பா மேசை ஓரமாக உட்கார்ந்துவிட்டார். முதலில் அவர் பார்த்தது அந்தக் குறும்புக்கார அண்ணனைத்தான். பார்த்த பார்வையில் அந்த அண்ணன் தன் டிபன் பாக்ஸைத் தானே எடுத்துவந்து, திறந்து, கவிழ்த்துக் காட்டினார். அன்று அவர் ஒரு ஜோக்கும் சொல்லவில்லை.

பிறந்த நாள் பையனின் வீட்டுக்குப் போய் அப்பா விசாரித்தார். டவுனில் ஒரு பனியன் கடையில் வாங்கியது என்றார்கள். கடைக்குப் போனார். வாசலிலேயே யானைகள் வரிசையாகத் தொங்கின. யார் போட்டது என்று கேட்டதற்குக் கடைக்காரர், “சோமனூர்ல இருந்து ஒருத்தர் கொண்டாந்து போடறாருங்க” என்று போனைப் போட்டுக் கொடுத்தார். அப்பா பேசிய தோரணையில் அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, “நீங்க சிரமப்படாதீங்க, நானே வந்து பேசிக்கறனுங்க” என்று மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

சோமனூர்க்காரர் வெள்ளைச் சட்டையும் திருநீறுமாக, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்போல இருந்தார். திருடன் எப்படி இருப்பான் என்று பார்க்கக் காத்திருந்த எனக்கு ஏமாற்றம். அப்பா அவரை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். எங்கள் ஊர்க்காரர்கள் சண்டை போடும்போதும் மரியாதையை விட மாட்டார்கள் என்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

“ஏனுங்க, இப்படித் திருடிட்டீங்களேங்க!”

“நான் எங்கீங்க திருடுனேன்? வார்த்தையை அளந்து பேசுங்க.”

“என்ற கொட்டாய்க்குள்ள ஆரை அனுப்புனீங்க? சொல்லுங்க!”

“உங்க கொட்டாய் எங்கிருக்குதுன்னே நேத்துத்தானுங்க எனக்குத் தெரியும்!”

இந்த இடத்தில் அம்மா டீ கொண்டுவந்தாள். சண்டைக்கு வந்தவராக இருந்தாலும் டீ கொடுக்காமல் இருக்க முடியாது. “டீ எடுத்துக்கங்க. ஆறிப்போச்சுன்னா நல்லா இருக்காதுங்க” என்றாள்.

சோமனூர்க்காரர் டம்ளரைப் பாதியில் பிடித்தபடி அப்படியே நின்றார். அம்மாவைப் பார்த்தார். வெளியே டங் என்று பாத்திரப் பட்டறை அடித்தது. அவர் காதை அந்தப் பக்கம் சாய்த்தார். மறுபடியும் அம்மாவைப் பார்த்தார்.

“அம்மிணி, தப்பா நெனைக்காதீங்க. ‘சின்ன வெங்காயத்தை நறுக்கக் கூடாது, கல்லுல வெச்சுத் தட்டிப் போடுங்க’ன்னு சொன்னது நீங்கதானுங்களா?”

அம்மாவின் முகம் விளக்குப் போட்டதுபோல ஆயிற்று. “ஆமாங்க! செஞ்சு பார்த்தீங்களா?”

“எங்க ஊட்டுல வாரம் ரெண்டு தடவை அதுதானுங்க. புள்ளைக தட்டை நக்கறாங்க.”

“நெய் விட்டீங்களா?”

“விட்டமுங்க.”

“எறக்குனதுக்கு அப்புறந்தானே?”

“எறக்குனதுக்கு அப்புறந்தானுங்க.”

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சித்தப்பா பக்கம் திரும்பினார். சித்தப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஓடவில்லை.

சோமனூர்க்காரர் டீயைக் குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவர் புதுப் பாட்டு ஒன்றைத் தேடியிருக்கிறார். பாட்டுக்குப் பதில் அம்மா வந்திருக்கிறாள். முதலில் கோபம்தான் வந்ததாம். அணைக்கப் போனவர், தாளிக்கிற இடம் வந்ததும் உட்கார்ந்துவிட்டாராம். இவ்வளவு நல்லவர்கள் வேறென்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தால், அந்தச் சாஃப்ட்வேரில் ஒருவர் வீட்டில் இருப்பதை எல்லாம் வரிசையாகக் காட்டும் பொத்தான் ஒன்று இருந்ததாம்.

“எல்லாமே தொறந்து கெடந்துதுங்க. உங்க ஊட்டுப் புள்ளைக போட்டோ இருந்துது, அதை நான் தொடலை. இந்த யானை இருந்துது. கலரெல்லாம் பிரிச்சு, அப்படியே அடிக்கற மாதிரி ரெடியா இருந்துது. நெட்டுல கெடக்கறது பொதுச் சொத்துன்னு நெனச்சு எடுத்துட்டனுங்க.”

“அடுத்தவங்க வரைஞ்சதை, கேக்காம எடுக்கலாமுங்களா?” என்றார் அப்பா. “ஒருத்தர் உக்காந்து ரோசனை பண்ணி வரைஞ்சதுங்க அது. அவங்க பொழைப்பு. எங்க பொழைப்பு.”

சோமனூர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் குனிந்த தலையோடு அவர் கேட்டது எங்கள் யாருக்கும் மறக்கவில்லை. “வாஸ்தவந்தானுங்க. உங்க கம்ப்யூட்டர்ல அத்தனை பாட்டு இருந்துதே, அதெல்லாம் கேட்டு எடுத்ததுங்களா?”

கொட்டகையில் அப்பாவின் பழைய பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. சண்டையைக் கேட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்த குறும்புக்கார அண்ணன் எழுந்துபோய் அதை அணைத்துவிட்டு வந்தார்.

கடையில் மிச்சம் இருந்ததை எல்லாம் அன்றைக்கே திருப்பி எடுத்துவிடுகிறேன் என்று சோமனூர்க்காரர் சத்தியம் செய்தார். செய்தபடி எடுக்கவும் எடுத்தார். ஆனால் எடுத்ததால் என்ன? சித்தப்பா அந்தச் சாஃப்ட்வேரைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தார். அழித்துவிட்டு, “இனி ஒண்ணும் போகாதுங்கண்ணா” என்றார். இனிமேல் போகாதுதான். போனது எங்கெங்கே போயிற்று என்று அவருக்கும் தெரியாது. கோவை கிங் வீட்டில் இருக்கிறதா, பெயரில்லாத நம்பர் வீட்டில் இருக்கிறதா, யாரைப் போய்க் கேட்பது? பிள்ளைகளே, கிண்ணத்தைத் திருப்பி வாங்கிவிடலாம். அதில் இருந்ததை அவர்கள் சாப்பிட்ட பிறகு வாங்க முடியாது.

கம்பெனிக்கு யார் போய்ச் சொல்வது என்ற பேச்சு வந்தது. இன்னும் அவர்களுக்குத் தெரியாது. சித்தப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். “ஃபிலிம் போடற எடத்துல லீக் ஆயிருச்சுன்னு சொல்லிரலாமுங்கண்ணா. அங்க தெனமும் நூறு பேர் வந்து போறாங்க. ஆருன்னு கண்டுபுடிக்க முடியாது.”

“அவங்களுக்கும் ஒரு பொழைப்பு இருக்குதல்லப்பா” என்றார் அப்பா. இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு சித்தப்பாவோடு கிளம்பினார். போகிற வழியில் அந்தக் குறும்புக்கார அண்ணன் முன்னால் ஒரு நிமிஷம் நின்று, “நேத்துப் பார்த்ததை மனசுல வெச்சுக்காதப்பா” என்றார். “எதைங்க முதலாளி? நீங்க எங்கியோ பார்த்தீங்க, நான் எங்கியோ நின்னேன்” என்றார் அந்த அண்ணன்.

கம்பெனியில் நடந்ததை வெகு காலம் கழித்துச் சித்தப்பாதான் எனக்குச் சொன்னார். மெர்ச்சண்டைசர் உட்காரச் சொன்னாராம். அப்பா உட்காரவில்லை. “என்ற ஊட்டுல இருந்துதானுங்க போச்சு. கம்ப்யூட்டரை நாந்தான் தொறந்து வெச்சுட்டேன்” என்று சொன்னாராம். எலியைப் பிடித்து நகர்த்துவதுபோல மவுஸைப் பிடிப்பவர் அப்பா. அதை எப்படித் திறப்பது என்றே அவருக்குத் தெரியாது. மெர்ச்சண்டைசருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். சித்தப்பாவை ஒரு தடவை பார்த்தாராம். சித்தப்பா தரையைப் பார்த்தாராம். “நீங்களா வந்து சொன்னது பெரிய விஷயமுங்க. ஆனா பையர்கிட்ட நான் மறைக்க முடியாதுங்க” என்றாராம் அவர்.

பையர் யானையை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கம்பெனி ஆர்டரை நிறுத்தியது. அதுவரை அச்சடித்து வைத்திருந்த துண்டுகளை, எங்கேயும் விற்கக் கூடாது, படம் இன்னும் அவர்களுடையதுதான் என்று எழுதி வாங்கிக்கொண்டு, எங்களிடமே விட்டுவிட்டார்கள். அப்பாவிடம் சிலர் வந்தார்கள். “சந்தையில போட்டா ஒரு நாள்ல போயிருமுங்க, ஆரு பார்க்கப் போறாங்க?” என்றார்கள். அப்பா ஒருவருக்கும் ஒரு துண்டுகூடக் கொடுக்கவில்லை. திரும்பவும் பூவும் கோடும் அடிக்கும் வேலைக்குப் போனார். கொட்டகை ஜன்னலில் இருந்த சாக்கை எல்லாம் கழற்றியதும் உள்ளே வெளிச்சம் வந்தது.

எனக்கோ கொண்டாட்டம். யானை என்ற சொல்லை இனி எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் சொல்லலாம். அதோடு மூட்டை மூட்டையாக யானைகள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. துணியை வீணாக்க மனம் வராமல் அம்மா அவற்றைத் தைத்து எல்லாத் தலையணைக்கும் உறை போட்டாள். ஜன்னல் திரை யானை. மிக்ஸிக்குப் போர்த்தும் துணி யானை. பாத்திரம் துடைக்கிற துணியில்கூட ஒரு யானை குக்கரின் மேல் சைக்கிள் ஓட்டியது. வீதியில் எந்தப் பிள்ளைக்கும் இப்படி ஒரு வீடு கிடையாது. இவ்வளவு நல்லது நடந்திருக்கும்போது பெரியவர்கள் ஏன் சாப்பாட்டு நேரத்தில் பேசாமல் இருக்கிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்பா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொஞ்சம் படுப்பார். படுக்கும்போது தலையணையைத் திருப்பி, யானை கீழே போகிற மாதிரி போட்டுக்கொள்வார். ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். அச்சு கன்னத்தில் உறுத்துகிறதாக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் என் தலையணையை எடுத்துப்போய் நீட்டினேன்.

“இதை வெச்சுக்கங்கப்பா. இதுல யானை மெத்துன்னு இருக்குது. உறுத்தாது.”

அப்பா வாங்கினார். யானையின் மேல் கட்டை விரலை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். சைக்கிள் சக்கரத்தின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். கலர் வரவில்லை.

“நல்லாத்தான் வந்திருக்குது, கண்ணு” என்றார்.

பிறகு அதையும் திருப்பிப் போட்டுக்கொண்டு படுத்தார். மெத்தென்று இருந்தாலும் உறுத்துமா என்று யோசித்துக்கொண்டே நானும் அவர் பக்கத்தில் படுத்துத் தூங்கிவிட்டேன்.